ஜாஸ்: பெயர் அப்படியே இருக்கட்டும், வேலைச் சொற்கள் தமிழில் வரட்டும்

ஜாஸ் என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. புளூஸ் பாட்டு, ராக்டைம் பியானோ, தேவாலயப் பாடல், சவ ஊர்வலத்திலும் திருவிழாவிலும் முழங்கிய பித்தளை வாத்தியக் குழு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, வாசிக்கும்போதே அதைப் புதிதாக்குவது அதன் உயிர். அகராதிக்கு இந்த அளவு விளக்கம் போதும். ஓர் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு இரவு வெகுநேரம் அதைப் பற்றிப் பேசும் ரசிகர்களுக்கு இது போதாது. ‘அந்த இடத்தில் அவர் என்ன செய்தார்?’ என்ற கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல அவர்களுக்குச் சொற்கள் வேண்டும்.

தமிழில் இந்தச் சொல் வேறு இரண்டு பொருள்களிலும் புழங்குகிறது. சுறா மீன் வரும் 1975ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தின் பெயரையும் ஜாஸ் என்றே எழுதுகிறோம். தாடை என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இசைக்கும் தொடர்பில்லை. மற்றது சுவையானது. வேலூர், குடியாத்தம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் தொகுதியை ‘ஜாஸ் டிரம்ஸ்’ என்பவர்கள் உண்டு. இதைப் பிழை என்று தள்ளிவிட வேண்டாம். 1920களில் பிரான்சிலும் அந்த டிரம்ஸ் தொகுதியையே ஜாஸ் என்று அழைத்தார்கள். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், கைக்கு எட்டும் சிறிய டிரம்கள், தொங்கும் தாளத் தட்டுகள் என எல்லாவற்றையும் ஒரே ஆள் உட்கார்ந்து வாசிப்பது இந்த இசையோடு உலகம் சுற்றிய பழக்கம்தான். கேட்டவர்களின் கண்ணில் முதலில் பட்ட பொருளுக்கு இசையின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இசை நியூ ஆர்லியன்ஸில் பிறந்தது. பெயர் அங்கே பிறக்கவில்லை. அச்சில் இச்சொல் தென்படும் மிகப் பழைய இடங்கள் அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தவை. அவையும் விளையாட்டுப் பக்கங்கள். 1912 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் நாளிதழ் ஒன்றில், பென் ஹெண்டர்சன் என்ற பேஸ்பால் பந்து வீச்சாளர் தம்முடைய தள்ளாடிச் செல்லும் பந்துக்கு ‘ஜாஸ் பந்து’ என்று பெயர் வைத்ததாகச் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நாளிதழின் பேஸ்பால் செய்திகளில் துடிப்பு, ஊக்கம், முறுக்கு என்ற பொருளில் இது அடிக்கடி வருகிறது. 1860இலேயே பதிவாகியுள்ள ‘ஜாஸம்’ என்ற பழைய வழக்குச் சொல்லுக்கும் ஆற்றல், உயிர்த்துடிப்பு என்றுதான் பொருள். அதிலிருந்து இது வந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சொல்லுக்குப் பாலியல் சார்ந்த கொச்சைப் பொருளும் உண்டு.

1915இல் சிகாகோவில் இச்சொல் இசையோடு சேர்ந்தது. 1916இல் நியூ ஆர்லியன்ஸ் நாளிதழுக்குப் போய்ச் சேர்ந்தது. 1917 பிப்ரவரி 26 அன்று ‘ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்’ என்ற ஐவர் குழு நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த இசைத்தட்டு, ஜாஸின் முதல் இசைத்தட்டு எனப்படுகிறது. அந்த ஐவரும் வெள்ளையர்கள். கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த இசை வேறு கைகளால் முதலில் தட்டில் ஏறியது என்ற வருத்தம் இந்தச் சொல்லின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. நியூ ஆர்லியன்ஸில் எல்லோரும் கொண்டாடிய பட்டி போல்டனின் கார்னெட் (டிரம்பெட்டைப் போன்ற ஊதுவாத்தியம்) ஒலி நமக்குக் கிடைக்கவே இல்லை. அவருடைய பதிவு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. 1923இல் கிங் ஆலிவர் குழு இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில் பதிவு செய்த தட்டுகளில்தான் பின்னாளில் டிரம்பெட் மேதையான லூயி ஆம்ஸ்ட்ராங்கை, அவருடைய இருபத்தொரு வயதில், முதன்முதலாகக் கேட்கிறோம்.

சொல்லுக்குக் கதைகளும் நிறையப் பிறந்தன. அரட்டை அடிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது என்றார்கள். மல்லிகை வாசனைத் திரவியத்திலிருந்து வந்தது என்றார்கள். ஜாஸ்போ என்ற பெயருடைய வாத்தியக்காரர் ஒருவரைக் கைகாட்டினார்கள். எதற்கும் சான்று இல்லை. அமெரிக்க வட்டார வழக்குக் கழகம் இருபதாம் நூற்றாண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. அவ்வளவு பெரிய சொல்லின் வேர் இன்னும் முழுதாகத் துலங்கவில்லை.

அந்த இசையை வாசித்தவர்களே இந்தப் பெயரை முழு மனதோடு ஏற்கவில்லை. பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டன் இசைக்குள் பிரிவு பிரிப்பதையே விரும்பாதவர். டிரம்ஸ் மேதை மாக்ஸ் ரோச் இச்சொல்லை இழிவாகக் கருதினார். 1949இல் ‘டவுன்பீட்’ என்ற ஜாஸ் இதழ் மாற்றுப் பெயருக்கு ஆயிரம் டாலர் பரிசு அறிவித்துப் போட்டி நடத்தியது. பரிசு பெற்ற சொல்லை அதன்பின் யாரும் பயன்படுத்தவில்லை. 2011இல் டிரம்பெட் கலைஞர் நிக்கலஸ் பேட்டன் ‘கறுப்பு அமெரிக்க இசை’ என்ற பெயரை முன்வைத்து வாதாடினார். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. இசைக்குரியவர்கள் யார் என்பதை அந்தப் பெயர் மறைக்காமல் சொல்கிறது.

இந்த நிலையில் நாம் வேலூரில் உட்கார்ந்துகொண்டு அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் சூட்டலாமா? ராப்புக்குச் சொல்லிசை என்ற பெயர் நன்றாகப் பொருந்தியது, ஏனென்றால் சொல்லே அங்கே தலைமை. ஜாஸுக்குத் துள்ளிசை என்றால் மெதுவான பாட்டுகள் வெளியே போய்விடும். மனோதர்ம இசை, அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் பிறக்கும் இசை, என்றால் கர்நாடக இசையும் உள்ளே வந்துவிடும். பெயரை அப்படியே வைத்துக்கொள்வதுதான் மரியாதை. எழுத்தைப் பொறுத்தவரை, வடவெழுத்தை நீக்கித் தமிழ் ஒலிக்கு இசைய எழுதச் சொல்லும் தொல்காப்பிய நெறிப்படி சாசு என்று எழுதுவோரை மதிக்கிறேன். ஜப்பானை யப்பான் என்று எழுதும் ஈழத்து வழக்குப்படி யாஸ் என்றும் வரலாம். நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிய ஜாஸ் எனக்குப் போதும்.

ஆனால் பெயருக்குள் இருக்கும் வேலைச் சொற்களின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் இசையில் சொல் ஏற்கெனவே இருக்கிறது. காட்பாடி காந்தி நகரில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இசைத்தட்டு கேட்கிறோம். ஜோலார்பேட்டை இரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பெரியவர் ஒருவர், செவிலியர் ஒருவர், மனைவியின் சிகிச்சைக்காகக் கொல்கத்தாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர், குடியாத்தத்தில் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர் என்று பலவகை ஆட்கள். கொல்கத்தாக்காரர் பார்க் தெரு உணவகங்களில் ஜாஸ் வாசித்த காலத்தைச் சொல்வார். கிளாரினெட் அண்ணன் பேசுவது குறைவு. பியானோ ஒரு வரி சொல்லக் குழு முழுவதும் பதில் சொல்லும் இடம் ஒன்றைக் கேட்டபோது, “கூத்தில் பின்பாட்டு இருக்கிறதே சார், அதுதான் இது” என்றார். வடார்க்காட்டுத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆப்பிரிக்க மரபிலிருந்து வந்த அந்த அழைப்பும் மறுமொழியும் எங்களுக்கு அன்று முதல் பின்பாட்டு.

பொருளில்லாத அசைகளைக் கொண்டு பாடும் ‘ஸ்கேட்’டுக்குத் தத்தகாரம் பொருந்தும். ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூன் 28 அன்று பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ தட்டில் கிளாரினெட்டோடு மாறி மாறித் தத்தகாரம் பாடுகிறார். மென்மையான, சற்றே சோர்ந்த குரல். அதைவிட முக்கியம் அந்தத் தட்டின் தொடக்கம். யாருடைய துணையும் இல்லாமல், தாளமும் இல்லாமல், டிரம்பெட் மட்டும் சில வினாடிகள் ஏறி இறங்குகிறது. ஆலாபனை கேட்டுப் பழகிய காது அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஜாஸ் கேட்டதே இல்லை என்பவருக்கு நான் முதலில் கொடுப்பது இந்த மூன்று நிமிடத் தட்டைத்தான்.

இம்ப்ரவைசேஷனுக்கு மனோதர்மம். இதில் எனக்கு ஐயம் இல்லை, ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. நம் பாடகருக்கு எல்லை ராகம். ஜாஸ் கலைஞருக்கு எல்லை, மெட்டின் அடியில் மாறிக்கொண்டே போகும் சுரக்கூட்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். பன்னிரண்டு அல்லது முப்பத்திரண்டு அளவுகள் (சில அடிகள் கொண்ட சமமான தாளக் கூறுகள்) கொண்ட ஒரு சுற்று முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து வரும். அந்தச் சுற்றை ஆவர்த்தனம் என்று சொல்லலாம், நீளம் மட்டும் மிகப் பெரியது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டே நாட்களில் பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் புளூ’வில் சுரக்கூட்டுகளைக் குறைத்து, ஒரு சுர வரிசையிலேயே நெடுநேரம் தங்குகிறார்கள். கர்நாடக இசை ரசிகர்களுக்கு அந்தத் தட்டு எளிதில் வசப்படுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

புளூ நோட் என்பதை இசைத்தமிழில் துல்லியமாகவே சொல்லிவிடலாம். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில், அதாவது ‘க’ என்ற சுரத்தின் இரு நிலைகளுக்கு நடுவில், எதிலும் நிலைகொள்ளாமல் நிற்கும் காந்தாரம் அது. பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை இல்லை. பாடுபவரும் ஊதுபவரும் வளைத்துத்தான் தொட வேண்டும். கமகம் என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடாமல், ‘இடைக் காந்தாரம்’ என்று எழுதினால் வாசகருக்கு இடம் தெரியும்.

ஸ்விங்குக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ஓர் அடியை இரண்டாகப் பிரித்து முதல் பாதியை நீட்டி, இரண்டாவதைக் குறுக்கி வாசிப்பது அது. அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைக்கு அருகில் வரும், ஆனால் முழுத் திஸ்ரமும் ஆகாது, நான்காகப் பிரிக்கும் முழுச் சதுஸ்ரமும் ஆகாது. வேகம் கூடக் கூட அந்த விகிதமும் மாறும். மணி ரத்னத்தின் 1997ஆம் ஆண்டு ‘இருவர்’ படத்தில் வரும் ‘ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி’யைக் கேட்ட தமிழருக்கு அந்த நடை உடலில் தெரியும். ஸ்விங் ஸ்விங்காகவே இருக்கட்டும்.

ஒரு வாத்தியமும் டிரம்ஸும் நான்கு நான்கு அளவுகளாக மாற்றி மாற்றி வாசிப்பதை, நம் கச்சேரியில் தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் குறைப்போடு ஒப்பிடலாம். நம்முடையதில் ஒவ்வொரு சுற்றிலும் அளவு குறைந்துகொண்டே வந்து இருவரும் சேர்ந்து முடிப்பார்கள். அங்கே அளவு குறைவதில்லை. அதனால் குறைப்பு என்று அப்படியே பெயர் வைக்க முடியாது, ‘மாற்று வாசிப்பு’ என்கிறோம். இந்த ஒப்பீட்டை ஆராய வேண்டியவர்கள் ஏற்கெனவே நேரில் சந்தித்திருக்கிறார்கள். 1958இல் அமெரிக்கப் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு இந்தியா வந்தபோது, சென்னையில் அதன் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவும் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சேர்ந்து வாசித்தார்கள். அடுத்த ஆண்டு புரூபெக் குழு ஐந்து அடியிலும் ஒன்பது அடியிலும் அமைந்த பாட்டுகளைப் பதிவு செய்து புகழ்பெற்றது. பழனிதான் அதற்குக் காரணம் என்று எழுதுவது மிகை. ஒன்பது அடி நடையைத் துருக்கியின் தெருக் கலைஞர்களிடம் கேட்டதாகவே புரூபெக் சொன்னார். ஐந்தாகப் பிரியும் கண்ட நடையும் ஒன்பதாகப் பிரியும் சங்கீர்ண நடையும் கைவந்த ஒருவருக்கு எதிரே மொரெல்லோ உட்கார்ந்திருந்தார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பதிவு சார்ந்த சொற்களை விரைவாகச் சொல்லிவிடலாம். ரெக்கார்டு இசைத்தட்டு, டாக்குமெண்டரி ஆவணப்படம், உறையில் அச்சிட்டிருப்பது உறைக் குறிப்பு. ‘டேக்’கை எடுப்பு என்று எழுத வேண்டாம். தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கு அந்தச் சொல் ஏற்கெனவே உரியது. திரைத்துறையினர் சொல்வது போல டேக் என்றே சொல்லலாம்.

ஆவணப்படங்களில் பலரும் கென் பர்ன்ஸ் 2001இல் தந்த பத்துப் பகுதித் தொடரிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். பழைய காலத்துக்கு அது பெரும் கருவூலம். ஆனால் 1960க்குப் பிந்திய நாற்பது ஆண்டுகளைக் கடைசிப் பகுதி ஒன்றுக்குள் அடக்கிவிட்டது பெரும் குறை. நான் ஜீன் பாக் இயக்கிய ‘எ கிரேட் டே இன் ஹார்லெம்’ படத்தைப் பரிந்துரைப்பேன். 1958இல் ஹார்லெம் தெரு ஒன்றில் ஐம்பத்தேழு கலைஞர்கள் கூடி நின்ற ஒரே ஒரு புகைப்படத்தின் கதை அது. யார் யாருக்கு அருகில் நின்றார், யார் தாமதமாக வந்தார் என்று அவர்களே நினைவுகூரும்போது, இசைத்தட்டு உறைகளில் படித்த பெயர்கள் அண்டை வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். அடுத்து, பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் பற்றி சார்லட் ஸ்வெரின் 1988இல் எடுத்த படம். பியானோவை விட்டு எழுந்து மங்க் தன்னையே சுற்றிச் சுற்றி ஆடும் காட்சிகளைப் பார்த்தால், அவர் வாசிப்பில் வரும் திடீர் மௌனங்களுக்குப் பொருள் புரியும்.

மிஞ்சி நிற்பது ஜாம் செஷன். கச்சேரி முடிந்து வெகுநேரம் கழித்து, காசுக்கு இல்லாமல், முன்னேற்பாடு இல்லாமல் கலைஞர்கள் தங்களுக்குள் வாசித்துக்கொள்வது. கச்சேரி என்றால் சபை வந்துவிடுகிறது. ஒத்திகை என்றால் பிறகு ஒரு நிகழ்ச்சி இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்த பிறகு பேண்டு செட்டுக்காரர்கள் மண்டபத்தின் பின்புறம் உட்கார்ந்து தங்களுக்குப் பிடித்ததை வாசிப்பார்களாம். அதற்கு உங்களிடம் என்ன பெயர் என்று கிளாரினெட் அண்ணனைக் கேட்டேன். பெயரெல்லாம் இல்லை, ‘சும்மா வாசிக்கிறது’ என்போம் என்றார். இப்போதைக்கு ‘கூடி வாசிப்பு’ என்று எழுதிவருகிறோம். இதைவிடப் பொருத்தமான சொல், நாதஸ்வரக்காரர்களிடமோ பம்பைக்காரர்களிடமோ புழக்கத்தில் இருந்தால், கேட்டவர்கள் அதை எழுதுங்கள்.