டி-டைமர் கிட்டைப் பிரீசரில் வைக்காதீர்கள்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் ஆய்வுகூட வேலை பார்க்கும் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: வெக்கைக்கு ரீஏஜன்ட் (சோதனைக்குப் பயன்படும் கரைசல்) கெட்டுவிடுமோ? நியாயமான கவலை. ஆனால் உடலில் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று அறிய உதவும் டி-டைமர் கிட்டைப் பொறுத்தவரை வெக்கைக்குப் பயந்து அதை உறைய விடுவதுதான் பெரிய கேடு.

கிட்டில் உள்ள அந்தச் சின்னப் போத்தலில் பால் நிறத்தில் இருப்பவை லேடெக்ஸ் துணிக்கைகள். ஒவ்வொன்றின் மேலும் டி-டைமரைப் பிடிக்கும் பிறபொருளெதிரி ஒட்டப்பட்டிருக்கிறது. இரத்தம் உறையும்போது உண்டாகும் பைப்ரின் இழைகளை உறைதற் காரணி 13 குறுக்கே பிணைக்கும். பிறகு பிளாஸ்மின் என்ற நொதி அவற்றை வெட்டும்போது கழன்று வரும் துண்டுதான் டி-டைமர். அது நிறைய இருந்தால் துணிக்கைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஸ்லைடில் மணல் மணலாகத் திரளும்.

உறைந்து உருகிய லேடெக்ஸ், டி-டைமர் இல்லாமலே திரளும். எவ்வளவு குலுக்கினாலும் பிரியாது. நெகட்டிவ் கொன்ட்ரோலில் (டி-டைமர் கூடுதலாக இல்லை என்று தெரிந்த மாதிரி) ஒரு சொட்டு விட்டுக் கலக்கிப் பாருங்கள். வழவழவென்று ஒரே சீராக இல்லாமல் ஓரத்தில் துகள் தட்டினால் அந்தப் போத்தலைத் தூக்கிப் போடுங்கள். சில நேரம் திரளாது, பிறபொருளெதிரியின் பிடிப்பு மட்டும் குறைந்திருக்கும். அப்போது பார்வைக்கு ஒன்றும் தெரியாது. காலில் இரத்தக்கட்டி உள்ளவருக்கு நெகட்டிவ் என்று அறிக்கை போய்விடும். அதனால்தான் பொசிட்டிவ் கொன்ட்ரோலையும் (டி-டைமர் கூடுதலாக உள்ளது என்று தெரிந்த மாதிரி) சேர்த்தே போடச் சொல்கிறேன், சாம்பிள் ஒன்றே ஒன்று வந்தாலும் சரி.

வைக்க வேண்டியது 2 முதல் 8 பாகை செல்சியஸில். கொழும்பிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வரும் ரெஜிபோம் பெட்டியில், பிரீசரிலிருந்து நேரே எடுத்த ஐஸ் பை போத்தலைத் தொட்டுக்கொண்டே வந்தால் வழியிலேயே உறைந்துவிடும். இடையில் கனமாகப் பத்திரிகைத்தாள் வைக்கச் சொல்லுங்கள். பிரிட்ஜின் பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததே, அப்படியான நாளிலும் பிரீசருக்கு மாற்ற வேண்டாம். பிரிட்ஜின் காலி இடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை முன்கூட்டியே நிரப்பி வைத்து, கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் கூடுதல் நேரம் நிற்கும்.

பிறபொருளெதிரியை -20 பாகையில் வைக்கலாம் என்றுதானே படித்தோம் என்று மாணவர்கள் கேட்பார்கள். வெறும் பிறபொருளெதிரியைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, ஒருமுறை மட்டும் உறைய வைத்து எடுப்பதற்கு அது சரி. லேடெக்ஸில் ஒட்டியதற்கும், நொதியோடு இணைத்ததற்கும் பொருந்தாது.

இன்னொன்று, கண்ணாடி விரியன் கடி. அதன் விஷம் உறைதற் காரணிகளைத் தூண்டித் தீர்த்துவிடும்; டி-டைமர் மிகவும் ஏறும். அளவு மீறிப் போனால் பிறபொருளெதிரிகள் எல்லாம் நிரம்பி, துணிக்கைகளைப் பிணைக்க இடமில்லாமல் முடிவு குறைவாகவோ நெகட்டிவாகவோ வரலாம். நோயாளியின் நிலைக்கும் முடிவுக்கும் பொருந்தாவிட்டால் சாம்பிளை ஐதாக்கி மறுபடி செய்யுங்கள். பாம்புக்கடிக்கு முதலில் செய்ய வேண்டியது, இரத்தத்தைக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிட உறைவுச் சோதனைதான். அதற்குப் பிறபொருளெதிரியும் வேண்டாம், பிரிட்ஜும் வேண்டாம். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்று போதும். சவர்க்காரத்தில் கழுவிய குழாயை எடுக்காதீர்கள், அதில் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கலாம்.