வைக்கோல் கட்டோடு ஈரத்தையும் சேர்த்துக் கட்டாதீர்கள்

நெல் அறுவடைக்கு வரும்போது மணியில் ஏறக்குறைய 20 சதவீத ஈரம் இருக்கும். தாள் அப்படியல்ல. அடிப்பக்கம் இன்னும் பச்சையாக, பாதிக்கு மேல் தண்ணீரோடு நிற்கும். அறுவடை இயந்திரம் வரிசையாகப் போட்டுவிட்டுப் போகும் வைக்கோல் மேலே பொன்னிறமாகத் தெரியும், கையை உள்ளே விட்டால் குளிரும். மறுநாளே வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் பேலர் வண்டியை இறக்கினால் அந்தக் குளிர்ச்சியும் கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காவிரி டெல்டாவிலிருந்து கேரளா வரை போகும் கட்டுகளில் வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் இதுதான் மூலம்.

கட்டும்போது ஈரம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிப்பது ஏறக்குறைய உறுதி. தை, மாசி வெயிலில் இரண்டு மூன்று நாள் காய்ந்தால் போதும். ஆனால் நடுவில் ஒரு முறையாவது வரிசையைப் புரட்டி உதறிவிட வேண்டும். மண்ணை ஒட்டிக் கிடக்கும் அடிப்பக்கம் தானாகக் காயாது. செயின் வண்டி (சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) ஓடிய ஈர வயலில் வைக்கோல் சேற்றில் அழுந்திக் கிடக்கும். அந்த வரிசையைத் தனியாக ஒதுக்குங்கள், நல்லதோடு கலக்காதீர்கள். இந்த மாதங்களில் பனி அதிகம். காலை பத்து, பத்தரைக்கு முன் கட்டவே கூடாது. காய்ந்த வைக்கோல்கூட இரவில் பனியை இழுத்து வைத்திருக்கும்.

ஈரமானி இல்லாதவர்களுக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஒரு பிடி வைக்கோலை முறுக்கினால் சடசடவென்று ஒடிய வேண்டும். கணுவை நகத்தால் நசுக்கினால் சாறு கசியக் கூடாது. இன்னொன்று உப்புச் சோதனை. வரிசையின் அடியிலிருந்து எடுத்த வைக்கோலைப் பொடியாக நறுக்கி, நன்கு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் பாதிவரை போட்டு, காய்ந்த தூள் உப்பு ஒரு கைப்பிடி சேர்த்து மூடி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினாலோ கட்டிபட்டாலோ ஈரம் 15-க்கு மேல் இருக்கிறது. வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அன்று கட்டவேண்டாம்.

அந்தக் காலத்து வைக்கோல் போர் இவ்வளவு கண்டிப்பு கேட்கவில்லையே என்று தோன்றலாம். போரில் வைக்கோல் தளர்வாக இருக்கும், காற்று உள்ளே போய்வரும், கூரைபோல வேய்ந்த உச்சி மழையை வழித்துவிடும். உருளைக் கட்டு இறுக்கம். நடுவில் மாட்டிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. நுண்ணுயிர்கள் அங்கே பெருகிச் சூட்டைக் கிளப்பும். அடுக்குக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டினால் கவனம் தேவை. 80-ஐ நெருங்கினால் தானாகவே தீப்பிடிக்கலாம். கட்டிய முதல் ஆறு வாரம்தான் ஆபத்தான காலம். ஓர் இரும்புக் கம்பியை அடுக்குக்குள் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் அடுக்கை அவசரமாகப் பிரிக்கக் கூடாது; காற்று பட்டதும் குப்பென்று பற்றிக்கொள்ளும். தீயணைப்பு வண்டி வந்த பிறகு பிரிப்பதே சரி.

பேலரை ஓட்டுவதில் மூன்றே விஷயம். டிராக்டரிலிருந்து பேலருக்கு விசை கொடுக்கும் பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் சீராக இருக்க வேண்டும். வைக்கோலை வாரும் பற்களைத் தரையை உரசும்படி இறக்கக் கூடாது, மண்ணும் அழுகிய தாளும் கட்டுக்குள் போகும். கொஞ்சம் சந்தேகமான ஈரம் என்றால் இறுக்கத்தைக் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

இனி விலை. டெல்டாவில் கட்டுக் கணக்கில்தான் வியாபாரம் நடக்கிறது. ஒரே வண்டி கட்டிய கட்டே இறுக்கத்தையும் ஈரத்தையும் பொறுத்து 12 கிலோவும் இருக்கும், 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். 25 சதவீத ஈரத்தோடு 20 கிலோ நிற்கும் கட்டில் உலர்பொருள் 15 கிலோதான். 12 சதவீதத்துக்குக் காய்ந்தால் அது 17 கிலோவாக இறங்கும். மூன்று கிலோ தண்ணீருக்கு வாங்குபவர் பணமும் லாரி வாடகையும் கொடுக்கிறார். அடுத்த ஆண்டு அவர் வேறு ஆளைத் தேடுவார். பத்துக் கட்டை எடை போட்டு, சராசரியைச் சொல்லி, கிலோ விலை பேசுங்கள். கட்டுக்கூலி, நூல், வயலிலிருந்து சாலைக்குக் கொண்டுவரும் கூலி, ஏற்றுக்கூலி, இருப்பில் வீணாகும் அளவு, இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் பணம். குறுவை வைக்கோல் மழையில் மாட்டிக்கொள்வதால், சம்பாவில் நன்றாகக் காய்ந்ததைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு மழைக்காலத்தில் நல்ல விலை கிடைக்கும்.

வைப்பது கொட்டகையில், மரக்கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் தரையிலிருந்து அரையடி உயர்த்தி. வெளியில்தான் வைக்க வேண்டுமென்றால் தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்கள். நாலு பக்கமும் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துக் கொட்டும்.

பூஞ்சணம் பிடித்த கட்டை விலை குறைத்துத் தள்ளிவிடும் பழக்கம் உண்டு. இது மிகப் பெரிய தவறு. பூஞ்சண நச்சால் எருமைக்கும் மாட்டுக்கும் காது நுனி, வால், குளம்புப் பகுதி கறுத்து அழுகி விழும் டெக்னாலா என்ற நோய் உண்டு. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நச்சு பாலிலும் இறங்கும். கறுப்போ வெண்தூளோ மக்கல் வாடையோ உள்ள கட்டு எருக்குழிக்கோ மரத்தடி மூடாக்குக்கோ மட்டும்தான் போகவேண்டும். காளான் வளர்ப்பவருக்கும் அது உதவாது. கட்டின் நூலையும் மறக்காதீர்கள். நைலான் நூலோடு அப்படியே போட்டால் மாடு நூலையும் விழுங்கும். அது வயிற்றில் பந்தாகச் சுருண்டு கிடந்து, தீவனம் எடுக்காமல் மாடு இளைக்கும், சிலவற்றுக்கு அறுவைச் சிகிச்சைதான் வழி. சணல் நூல் விலை கூடுதல்தான். இருந்தாலும் அதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது நூலை அறுத்து எண்ணி எடுத்துவிடச் சொல்லி வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான், அது வயிற்றை நிரப்பும் தீவனம். கறவை மாட்டுக்காக வாங்குபவரிடம் யூரியா ஊட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூட வேண்டும். திறந்து நெடி போன பிறகு கொடுக்கலாம். புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. யூரியாக் கரைசலை எந்த மாடும் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது உயிரைப் பறிக்கும்.

லாரியில் ஏற்றும்போது உயரத்துக்கு ஆசைப்படாதீர்கள். தாழ்ந்து தொங்கும் மின்கம்பி உரசி வைக்கோல் லாரி எரிவது ஆண்டுதோறும் நடக்கிறது. பாரத்தின் மேல் ஆளை ஏற்றிக் கழியால் கம்பியைத் தூக்கவைப்பது அந்த ஆளைக் கொல்வதற்குச் சமம். ஊர்த் தெருவிலிருந்து நெடுஞ்சாலை வரை வழியை முன்கூட்டியே நடந்து பார்த்து, அதற்கேற்ற உயரத்தில் நிறுத்துங்கள்.

விலை பேசும்போது பலரும் விட்டுவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில், அதாவது பொட்டாசியத்தில், பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. ஒரு டன் வைக்கோல் வயலை விட்டுப் போகும்போது 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் கூடவே போகிறது, அதாவது 25 முதல் 35 கிலோ பொட்டாஷ் உரம். அந்த உரத்தின் விலையையும் கட்டின் விலையில் ஏற்றிக்கொள்ளுங்கள். அடுத்த நடவுக்கு முன் அதை உரமாகவோ தொழுவுரமாகவோ வயலுக்குத் திருப்பிக் கொடுங்கள்.