நடுவானில் வழிகாட்டும் கருவி பழுதானால் விமானிகள் என்ன செய்கிறார்கள்?

2007 ஜனவரி 1 அன்று இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மனாடோவுக்குக் கிளம்பிய ஆடம் ஏர் விமானம் மக்காசர் நீரிணையில் விழுந்து, அதில் இருந்த 102 பேரும் இறந்துபோனார்கள். போயிங் 737 விமானம் அது, 35,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தது, இரண்டு என்ஜினும் ஓடிக்கொண்டிருந்தன. பழுதானது ஐஆர்எஸ் என்கிற வழிகாட்டும் கருவி. கடைசி 13 நிமிடமாவது இரண்டு விமானிகளின் கவனமும் அதைச் சரிசெய்வதிலேயே இருந்தது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. விமானத்தில் இருந்த இரண்டு ஐஆர்எஸ்ஸில் ஒன்றின் ஸ்விட்சை வேறு நிலைக்கு மாற்றினார்கள், மாற்றியதும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது, விமானம் மெல்ல வலது பக்கம் சாய ஆரம்பித்தது. இவ்வளவு மெதுவான சாய்வை நம் உட்காது உணராது, அதனால் உடம்பு ஒன்றும் சொல்லாது, கருவியைப் பார்த்தால்தான் தெரியும். எச்சரிக்கைக் குரல் ஒலித்த பிறகும் இறக்கைகளை உரிய நேரத்தில் யாரும் சமப்படுத்தவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை, ஏனென்றால் அந்தப் பழுதுக்கு ஒரு விமானத்தைக் கீழே தள்ளும் சக்தியே கிடையாது.

ஐஆர்எஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். வெளியிலிருந்து எந்த சிக்னலும் அதற்குத் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் போகும்போது அது வேகமெடுப்பதும் பிரேக் போடுவதும் திரும்புவதும் நமக்குத் தெரிகிறது இல்லையா, அதையே மிகத் துல்லியமாக அளக்கும் பெட்டி இது. உள்ளே மூன்று திசைகளிலும் முடுக்கத்தை அளக்கும் உணரிகள் இருக்கும், கூடவே லேசர் ஒளியை வைத்துத் திரும்பலை அளக்கும் மூன்று ஜைரோக்கள். கிளம்புவதற்கு முன் விமானம் அசையாமல் நிற்கும்போது சுமார் 10 நிமிடத்தில் பூமியின் சுழற்சியை உணர்ந்தே வடக்கு எது என்று அது கண்டுபிடித்துவிடும். நிற்கும் இடத்தை மட்டும் அதற்குக் கொடுத்தால் போதும், அப்புறம் முடுக்கத்தைக் கூட்டி வேகம், வேகத்தைக் கூட்டி தூரம் என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டே வரும். சின்னச் சின்னப் பிழைகளும் அந்தக் கூட்டலில் சேரத்தான் செய்யும். ஆனால் ஒரு மணி நேரத்தில் 450 கடல் மைல் பறக்கும் விமானத்துக்கு அந்த நேரத்தில் அனுமதிக்கப்படும் பிழை சுமார் 2 கடல் மைல்தான். ஜிபிஎஸ் முழுக்கப் போய்விட்டாலும் கணக்கு இந்த வேகத்தில்தான் கெடும், யோசிக்க விமானிகளுக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது.

தரைக்கு மேல் பறந்தால் இன்னொரு துணையும் உண்டு, டிஎம்இ நிலையங்கள். விமானம் ஒரு ஜோடி ரேடியோத் துடிப்பை அனுப்பும், தரையில் இருக்கும் நிலையம் சரியாக 50 மைக்ரோ விநாடி காத்திருந்து பதில் அனுப்பும், போய்வந்த நேரத்தில் அந்த 50-ஐக் கழித்தால் தூரம் வந்துவிடும். இப்படி இரண்டு நிலையங்களின் தூரம் கிடைத்தாலே விமானத்தின் கணினி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

அதனால் திரையில் எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை பழுதைப் பார்ப்பது அல்ல. முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் வழியைப் பார், அதற்கு அப்புறம் பேசு என்றுதான் விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருவர் விமானத்தை ஓட்டுவதை மட்டும் பார்ப்பார், இன்னொருவர் செக்லிஸ்ட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். முக்கியமான ஸ்விட்சைத் தொடும் முன், சரியான ஸ்விட்ச்தானா என்று இருவரும் உறுதி செய்துகொள்வார்கள். 737-ல் பறக்கும்போது ஐஆர்எஸ் ஸ்விட்சை வழிகாட்டும் நிலையிலிருந்து எடுத்துவிட்டால், மறுபடி தரையிறங்கி நிற்கும்வரை அந்தப் பெட்டியால் இடத்தைச் சொல்ல முடியாது. அதை மாற்றும்போது இறக்கைகளைச் சமமாக வைத்துச் சுமார் 30 விநாடி நேராகப் பறக்கவும் வேண்டும். அந்த நேரத்தில் ஒருவரின் கண் முழுக்க முழுக்க விமானத்தின் மேல் இருந்தே ஆக வேண்டும்.

பழுதைவிடச் சிக்கலானது பொய் சிக்னல். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் மிகமிக பலவீனமானது, தரையிலிருந்து யாராவது அதே மாதிரி ஒன்றைக் கொஞ்சம் பலமாக அனுப்பினால் விமானம் அதை நம்பிவிடும். 2023-க்குப் பிறகு மத்திய கிழக்குப் பகுதியில் இது அடிக்கடி நடக்கிறது. காக்பிட்டில் கடிகாரம் திடீரென்று தாவும், வரைபடத்தில் விமானம் வேறு எங்கேயோ போய் உட்காரும், 35,000 அடியில் பறக்கும்போதே மலை வருகிறது, மேலே ஏறு என்று கருவி கத்தும். அப்படிப்பட்ட பகுதிக்குள் நுழையும் முன்பே, கணினி ஜிபிஎஸ்ஸைச் சேர்த்துக்கொள்வதைச் சில விமானங்களில் நிறுத்திவிடுவார்கள், ஐஆர்எஸ் கணக்கையும் டிஎம்இ-யையும் வைத்துப் பறப்பார்கள். எல்லா விமான நிலையத்திலும் இது கைகொடுக்காது. எஸ்டோனியாவின் டார்டு நகரில் இறங்குவதற்கான முறை ஜிபிஎஸ்ஸையே நம்பியிருந்ததால், ஃபின்ஏர் நிறுவனம் 2024 ஏப்ரல் இறுதியில் அந்த ஊருக்கான விமானங்களை ஒரு மாதத்துக்கு நிறுத்தியது.

நடுக்கடலுக்கு மேல் ரேடாரும் இல்லை, டிஎம்இ-யும் இல்லை. வட அட்லாண்டிக்கில் பாதையில் குறித்து வைத்த ஒவ்வொரு இடத்தையும் தாண்டி சுமார் 10 நிமிடத்தில் விமானிகள் இருக்கும் இடத்தைத் தனியாகச் சரிபார்ப்பது இதனால்தான். எல்லாமே போய்விட்டால் உடனே கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லிவிட்டு, வெளி விளக்குகளை எரியவிட்டு, கண்ணில் படும் மற்ற விமானங்களோடு ரேடியோவில் பேசித் தங்கள் போக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, திசைகாட்டும் கருவியையே நம்ப முடியவில்லை என்றால்? காக்பிட்டின் முன்கண்ணாடிக்கு நடுவே திரவத்துக்குள் மிதக்கும் சின்னக் காந்தத் திசைகாட்டி இருக்கிறது, மின்சாரமே வேண்டாம், ஆனால் திரும்பும்போது தப்பாகக் காட்டும், நேராகப் பறக்கும்போது மட்டும் நம்பலாம். அதனால் ரேடார் எல்லைக்குள் இருந்தால் கட்டுப்பாட்டாளரே திசைகாட்டி ஆகிவிடுவார். எத்தனை டிகிரி என்றெல்லாம் சொல்ல மாட்டார். "இடது பக்கம் திரும்பு" என்பார், விமானி அந்தக் கணமே விநாடிக்கு 3 டிகிரி வீதம் திருப்புவார், ரேடார் திரையில் விமானத்தின் தடம் சரியான திசைக்கு வந்ததும் "நிறுத்து" என்பார், விமானியும் அங்கேயே நிறுத்திவிடுவார். ஓடுபாதைக்கு நேராக வந்த பிறகு அந்த வீதத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்வார், ஏனென்றால் கீழே வர வர ஒரு சின்னத் திரும்பல் அதிகமானாலும் அதைச் சரிசெய்ய மிச்சம் இருக்கும் தூரம் குறைவு.