கோப்பு: நூலில் கோத்த சொல்

‘ஃபைல்’ என்ற ஆங்கிலச் சொல் நூலிழையைக் குறிக்கும் ‘ஃபீலும்’ என்ற லத்தீன் சொல்லில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தாள்கள் சிதறாமல் நூலிலோ கம்பியிலோ குத்தி வைத்ததே பெயராயிற்று. தமிழில் பூவையும் மணியையும் கோக்கிறோமே, அந்தக் ‘கோ’ என்னும் வினையும் இதே செயல்தான். அதிலிருந்து கோவை, கோப்பு, கட்டுக்கோப்பு. இலங்கை அலுவலகங்களில் ‘கோவை’ என்பார்கள். தமிழ்நாட்டில் ‘கோப்பு’ நிலைத்தது. இவ்வளவு பொருந்திய கலைச்சொல் அரிது. (இரும்பைத் தேய்க்கும் ஃபைலுக்கு வேர் வேறு, அது அரம்.)

இனி கணினிக் கோப்பு. சி நிரல்மொழியில் கோப்பைத் திறப்பது ‘எஃப்ஓபன்’. திறத்தல் என்றால் வாசித்தல் அல்ல. இயங்குதளத்திடம் பெயரைச் சொல்லி ஒரு பிடியை வாங்குவது. அந்தப் பிடிதான் ஃபைல் பாயின்டர், அதாவது கோப்புச் சுட்டு. ‘சுட்டி’ என்று எழுதினால் மவுஸோடு குழம்பும். திறக்க முடியாதபோது கிடைப்பது ‘நல்’, வெற்றுச் சுட்டு. அதைச் சோதிக்காமல், வரியை வாசிக்கும் ‘எஃப்கெட்ஸ்’ கையில் கொடுத்தால் நிரல் பெரும்பாலும் அங்கேயே நொறுங்கும். பிழை வாசிக்கும் வரியில் இருப்பதாகத் தோன்றும். இருப்பதோ திறந்த வரியில்.

ஆகவே திறந்த அடுத்த வரியிலேயே வெற்றுச் சுட்டா என்று பாருங்கள். ஆமெனில் ‘பிஎரர்’ அழையுங்கள், காரணத்தை அதுவே அச்சிடும். லினக்ஸில் பிழை எண் 13 என்றால் அனுமதி இல்லை. 24 என்றால் திறந்து கிடக்கும் கோப்புகள் மிகுதி: ஒரு சுழலுக்குள், கோப்பை மூடும் ‘எஃப்குளோஸ்’ விட்டுப்போயிருக்கலாம். தொடக்கநிலையில் அதிகம் வருவது 2: அப்படி ஒரு கோப்போ கோப்பகமோ இல்லை.

“கோப்பு கண்முன் இருக்கிறதே!” இருக்கும். ஆனால் வெறும் பெயரைக் கொடுத்தால் நிரல் தேடுவது அது ஓடும்போதுள்ள நடப்புக் கோப்பகத்தில். மூல நிரல் கிடக்கும் இடத்தில் அல்ல. ‘கெட்சிடபிள்யூடி’ கொண்டு அந்த இடத்தை அச்சிட்டுப் பாருங்கள். விண்டோஸ் பெயரின் பின்னொட்டை மறைப்பதால் ‘மார்க்.டிஎக்ஸ்டி’ உண்மையில் ‘மார்க்.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி’ ஆக இருக்கலாம். பாதையில் ஒற்றைப் பின்சாய்வுக்கோட்டை அடுத்து ஆங்கில ‘என்’ வந்தால் சி அதைப் புதுவரியாக எடுத்துக்கொள்ளும். கோட்டை இரட்டிப்பாக்குங்கள், அல்லது முன்சாய்வுக்கோடு இடுங்கள். பெயரைப் பயனரிடம் ‘எஃப்கெட்ஸ்’ வழியே வாங்கினால் கடைசியில் என்டர் தட்டிய புதுவரியும் ஒட்டிக்கொண்டு வரும். திரையில் தெரியாத பிழை இது. பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் அச்சிட்டால், மூடும் குறி அடுத்த வரிக்கு இறங்கிக் காட்டிக்கொடுக்கும்.

வாசிப்பதற்கான ‘ஆர்’ முறையில் திறக்காத கோப்பை, எழுதுவதற்கான ‘டபிள்யூ’ முறைக்கு மாற்றிப் பார்க்கவே வேண்டாம். பிழைச் செய்தி மறையும். ஆனால் அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் திறந்த கணமே அதன் உள்ளடக்கம் முழுவதும் அழிந்து, அளவு 0 பைட் ஆகிவிடும்.