மேற்கோள் பட்டியலில் அப்பா பெயர்

வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் முதல் கட்டுரையை ஒரு வெளிநாட்டுக் குழு மேற்கோள் காட்டியிருக்கிறது. ஆசையாகத் திறந்து பார்த்தால் பட்டியலில் நான் இல்லை, அப்பா பெயர்தான் இருக்கிறது. அவர் ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். இதை எப்படிச் சரிசெய்வது?"

அவரைக் கயல்விழி என்றும் அப்பாவை முத்துசாமி என்றும் வைத்துக்கொள்வோம். ஆய்விதழின் இணையப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஃபர்ஸ்ட் நேம் கயல்விழி, லாஸ்ட் நேம் முத்துசாமி என்று நிரப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மென்பொருளின் வேலை.

யார் எழுதியது, எந்த ஆண்டு, என்ன தலைப்பு, எந்த இதழ், எத்தனையாவது தொகுதி, எந்தப் பக்கம். ஒரு மேற்கோளில் இருப்பது இவ்வளவுதான். வரிசையும் நிறுத்தற்குறியும்தான் இதழுக்கு இதழ் மாறும். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுவது ஹார்வர்டு முறை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் விலங்கியலாளராக இருந்த எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தையின் முட்டை பற்றி 1881இல் எழுதிய கட்டுரையில் இப்படிச் செய்திருக்கிறார். பெயருக்குப் பதில் வரிசை எண் போடும் மருத்துவ இதழ்களின் முறைக்கு வான்கூவர் என்று பெயர். 1978இல் இதழாசிரியர்கள் அந்தக் கனடா நகரில் கூடிப் பொது விதிகளைப் பேசியதால் வந்த பெயர் அது. இன்று ஸோட்டெரோ போன்ற, மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் மென்பொருள்கள் பயன்படுத்தும் பொதுக் களஞ்சியத்தில் 10,000க்கும் மேற்பட்ட பாணிகள் கிடக்கின்றன. பெயர், ஆண்டு, தலைப்பு எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். பாணியை மாற்றினால் பட்டியல் முழுவதும் நொடியில் மாறிவிடும்.

எல்லாம் சரி, பெயர்க் கட்டத்தில்தான் சிக்கல். கணித, இயற்பியல் ஆட்கள் பயன்படுத்தும் பிப்டெக்ஸ் என்ற மேற்கோள் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் காற்புள்ளி இல்லையென்றால் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர். அதற்கு முன்னால் ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'வான்', 'டெர்' மாதிரி டச்சுச் சொற்கள் வந்தால் அவையும் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் இனிஷியலாகச் சுருங்கும். ஐரோப்பியப் பெயர்களுக்கு அருமையான விதி. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. 'எம். கயல்விழி' என்று எழுதியிருந்தால் கடைசிச் சொல் அவர் பெயராகவே இருந்திருக்கும். 'கயல்விழி எம்' என்று தப்பித்திருப்பார். சுப்ரமணியன் சந்திரசேகர், ஸ்ரீனிவாச ராமானுஜன் இருவரும் தப்பித்தது அப்படித்தான். இரண்டு பெயரிலும் முன்னால் நிற்பது அப்பா பெயர். அதைப் பின்னால் கொண்டுபோய் விரித்து எழுதினால் 'முத்துசாமி கே' ஆகிவிடுகிறது. அடுத்த கட்டுரையைக் கல்லூரிச் சான்றிதழில் உள்ளபடி 'எம். கயல்விழி' என்று அனுப்பினால் தரவுத்தளத்துக்கு இவர் இரண்டு ஆள்.

இதில் நியூமராலஜி வேறு. கூட்டுத்தொகை சரியில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெயரில் ஓர் 'எச்' சேர்த்துக்கொண்டு, மூன்றாவது ஆளாகிவிடும் ஆய்வாளர்களும் உண்டு. எண்களைக் கூட்டிப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், கூட்டினால் உண்மையிலேயே பயன் தரும் எண் ஒன்று இருக்கிறது.

அதுதான் ஆர்க்கிட். 2012இல் தொடங்கியது. ஓர் ஆய்வாளருக்கு 16 இலக்கங்கள், பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடைசி இலக்கம். அது ஆளைக் குறிப்பதில்லை. முன்னால் உள்ள 15 இலக்கங்களுக்கும் காவல் நிற்கிறது.

0000-0002-1825-0097 என்ற எண்ணைப் பாருங்கள். யோசையா கார்பெரி என்ற பேராசிரியருடையது. அப்படி ஒருவர் கிடையாது. 1929இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்து அறிவிப்புப் பலகையில் யாரோ செய்த குறும்பில் பிறந்தவர். ஆர்க்கிட்காரர்கள் அவரையே மாதிரியாக வைத்திருக்கிறார்கள். கணக்கு இதுதான்: இடமிருந்து ஒவ்வோர் இலக்கமாகக் கூட்டி, கூட்டியவுடன் இரண்டால் பெருக்க வேண்டும். சுழிகளைத் தாண்டி 2 வரும்போது 4. அடுத்த 1ஐக் கூட்டிப் பெருக்க 10. பிறகு 8 வர 36, 2 வர 76, 5 வர 162. இரண்டு சுழிகள் அதை 324, 648 என்று இரட்டிக்கின்றன. கடைசியாக 9 வர 1314. இதோடு எதைக் கூட்டினால் 11ஆல் வகுக்கும்போது மீதி 1 வரும்? 7ஐக் கூட்டினால் 1321, அதாவது 120 பதினொன்றுகளும் ஒன்றும். எண்ணின் கடைசியில் நிற்பது அந்த 7தான். சில நேரம் 10 தேவைப்படும். ஒரே இடத்தில் 10 எழுத முடியாதே, அதற்குத்தான் சிலருடைய எண் 'எக்ஸ்' என்று முடிகிறது.

இப்போது 1825ஐ அவசரத்தில் 1285 என்று தட்டிவிட்டோம் என்று வையுங்கள். அதே கணக்கில் 1122 வரும். அது 11ஆல் மீதியின்றி வகுபடும். கடைசி இலக்கம் 1 ஆக இருக்க வேண்டும், இருப்பதோ 7. இணையப் படிவம் உடனே சிவப்பாகிவிடும்.

இது தற்செயல் இல்லை. ஒவ்வோர் இலக்கமும் கடைசியில் 2இன் ஏதோ ஓர் அடுக்கால் பெருக்கப்பட்டிருக்கும். ஓர் இலக்கம் பிசகினால் வரும் வித்தியாசம், ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் எண் பெருக்கல் 2இன் அடுக்கு. 11 பகா எண். பெருக்கப்படும் அந்த இரண்டு எண்களில் எதையும் அது மீதியின்றி வகுக்காது, ஆகவே பெருக்குத்தொகையையும் வகுக்க முடியாது. மீதி மாறியே தீரும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் இதே வாதம்தான், ஏனென்றால் ஒன்றின் எடை, அதாவது அதைப் பெருக்கும் அடுக்கு, மற்றதைப்போல் இரு மடங்கு. சரியாகப் பத்து இடம் தள்ளியிருக்கும் இரண்டு இலக்கங்கள் மாறினால் மட்டும் கண்டுபிடிக்காது. 2இன் பத்தாம் அடுக்கு 1024, அதை 11ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் எடைகள் ஒன்றாகிவிடுகின்றன. கைதவறி அப்படித் தட்டுகிறவர் யார்?

மேற்கோளின் வடிவத்துக்காக நம் ஆய்வு மாணவர்கள் செலவிடும் நேரம் எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைத்து, காற்புள்ளியை அரைப்புள்ளியாக மாற்றச் சொல்கிறோம். ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியரின் ஆசிரியர் கையேடு, பாணியைக் காட்டுவதற்காக 'வான் டெர் கீர், 2000' என்று ஒரு மாதிரி மேற்கோளைத் தந்திருந்தது. அப்படி ஒரு கட்டுரை எழுதப்படவே இல்லை. ஆனாலும் ஏறக்குறைய 400 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருப்பது 2017இல் வெளிச்சத்துக்கு வந்தது. மாதிரியை அழிக்க மறந்தவர்களே பலர். புள்ளி, காற்புள்ளி எல்லாம் அதில் மிகச் சரியாக இருந்திருக்கும். முதல் முறை அனுப்பும்போது எந்தப் பாணியிலும் அனுப்பலாம் என்று இப்போது பல இதழ்கள் இறங்கி வந்திருக்கின்றன, நல்லது.

கயல்விழிக்கு: ஆர்க்கிட் இலவசம், இன்றே எடுத்து, எந்தப் பெயரில் வந்தாலும் எல்லாக் கட்டுரைகளையும் அதில் சேர்த்துவிடுங்கள். அச்சான பட்டியலை அது மாற்றாது. ஆனால் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோபஸில் உங்களுக்கு இரண்டு கணக்குகள் உருவானால் ஒன்றாக்கச் சொல்லிக் கேட்கலாம். இனி அனுப்பும் கட்டுரைகளில் லாஸ்ட் நேம் கட்டத்தில் கயல்விழி, ஃபர்ஸ்ட் நேமில் எம். அப்புறம், நம்மூர்க்காரர் ஒருவரை நீங்கள் மேற்கோள் காட்டும்போது மென்பொருள் தருவதை நம்ப வேண்டாம். அவர் தன் பழைய கட்டுரைகளைத் தானே எப்படிக் குறிப்பிடுகிறார் என்று பார்த்துவிட்டு, அதன்படி காற்புள்ளியைப் போடுங்கள்.