ஒரே பாய்லர், ஒரு அறையில் மட்டும் குளிர்

வீட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தெர்மோஸ்டாட் வைத்து, ஒரே பாய்லரிலிருந்து வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிட்டு அறைகளைச் சூடாக்கும் அமைப்பில் அடிக்கடி வரும் தொல்லை இது: கீழ்த்தளத்தில் வியர்க்கும், மாடியில் ஒரு அறை மட்டும் சில்லென்று கிடக்கும். உடனே அந்த அறையின் தெர்மோஸ்டாட்டை 25-க்கு ஏற்றிவிட்டுக் காத்திருப்போம். பெரும்பாலும் பலன் இருக்காது. சாதாரண தெர்மோஸ்டாட் என்பது "இன்னும் சூடு வேண்டும்" என்று கேட்கிற ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். எண்ணைக் கூட்டினால் அது அதிக நேரம் கேட்டுக்கொண்டிருக்கும், தண்ணீர் அதற்காக வேகமாக ஓடாது.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த அறைக்கு வெப்பம் வந்து சேரவில்லையா, இல்லை வந்த வெப்பம் வெளியே போய்விடுகிறதா?

வெந்நீர் ஓர் அறைக்குக் கொடுக்கும் வெப்பத்தை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, போய்த் திரும்புவதற்குள் அது எத்தனை டிகிரி ஆறுகிறது. நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடி, 10 டிகிரி செல்சியஸ் ஆறித் திரும்பினால் அறைக்குக் கிடைப்பது சுமார் 700 வாட். ஆகவே கால் மணி நேரமாவது ஓடவிட்டு, அந்தப் பகுதிக்குப் போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் வெப்பநிலையை அளந்து பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருந்தால் பளபளக்கும் செம்புக் குழாயை நேரடியாக அளக்காதீர்கள், தவறாகக் குறைத்துக் காட்டும். கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளங்கள்.

போகும் குழாயே சூடாகவில்லை என்றால் தண்ணீர் அங்கே போகவே இல்லை. இங்கே ஸோன் வால்வை, அதாவது அந்தப் பகுதிக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். தெர்மோஸ்டாட் கேட்டதும் வால்வுக்குள் இருக்கும் சின்ன மோட்டார் மெதுவாகக் கதவைத் திறக்கும், முழுவதும் திறந்த பிறகு உள்ளே இருக்கும் இன்னொரு சுவிட்ச் மின்சுற்றை இணைத்து பம்புக்கும் பாய்லருக்கும் "ஓடு" என்று சொல்லும். பல அமைப்புகளில் ஏற்பாடு இதுதான். மோட்டார் போனால் கதவு திறக்காது. ஆனால் சுவிட்ச் மட்டும் போனால் ஒரு விசித்திரம் நடக்கும்: கதவு திறந்தே இருக்கும், பம்ப் ஓடாது, பக்கத்துப் பகுதி சூடு கேட்டு பம்பை ஓட்டும்போது மட்டும் இந்த அறையும் சூடாகும். "சில நேரம் நன்றாக வருகிறது, சில நேரம் வருவதே இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

வால்வு சரியாக இருந்தால் அடுத்தது காற்று. அது உயரமான இடத்தில் போய்த் தங்கும், அதனால்தான் மாடி அறைகள் அதிகம் பாதிக்கப்படுகின்றன. குழாயில் களகளவென்று சத்தம் கேட்கும், ரேடியேட்டரின் (வெந்நீரின் சூட்டை அறைக்குள் விடும் உலோகப் பலகையின்) மேல்பாதி குளிர்ந்திருக்கும். பம்பை நிறுத்தி, ஆறவிட்டு, காற்று திறப்பைத் திருகி வெளியேற்றலாம். அப்புறம் அழுத்தமானியைப் பாருங்கள்: தண்ணீரை 10 மீட்டர் மேலே தள்ள ஏறக்குறைய 1 பார் அழுத்தம் வேண்டும், இரண்டு மாடி வீட்டில் ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருப்பது வழக்கம். அடிக்கடி தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் உள்ளே இரும்பை அரிக்கும். அந்த அரிப்பின் கருப்புச் சேறுதான் ரேடியேட்டரின் அடியில் படிகிறது. மேலே சூடு, அடியில் குளிர் என்றால் காற்று இல்லை, சேறு.

போகும் குழாய் நல்ல சூடு, திரும்பும் குழாய் ரொம்ப ஆறியிருக்கிறது என்றால் ஓட்டம் போதவில்லை. பழைய ரேடியேட்டர் அமைப்புகளைப் பொதுவாக இரண்டு குழாய்களுக்கும் இடையே 10, 11 டிகிரி வெப்ப இறக்கத்துக்கு வடிவமைத்திருப்பார்கள். அது 25 ஆகிவிட்டால், பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டையான குழாய்ச் சுற்றுகள் தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன என்று சந்தேகிக்கலாம், தண்ணீர் தடை குறைந்த வழியில்தானே அதிகம் போகும்! பெரிய பம்ப் வாங்க ஓடாதீர்கள். அதிகம் சூடாகும் பகுதியின் சமநிலை வால்வை (ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வை) கொஞ்சம் மூடுங்கள். ஓட்டம் பாதியானாலும் ரேடியேட்டர் தரும் வெப்பம் பாதியாகிவிடாது, அதைவிடக் குறைவாகவே இறங்கும், எனவே அந்தப் பகுதிக்குப் பெரிய இழப்பு இல்லை. ஒரு நேரத்தில் ஒரே வால்வு, கால் திருப்பு, பிறகு சில மணி நேரம் பொறுமை.

இரண்டு குழாயும் நல்ல சூடு, இறக்கமும் குறைவு, ஆனாலும் அறை குளிர்கிறது என்றால் தண்ணீர் தன் வேலையைச் செய்துவிட்டது. ரேடியேட்டரைத் திரை மூடியிருக்கிறதா, தெர்மோஸ்டாட்டின் மேல் வெயிலோ விளக்கின் சூடோ படுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், ஜன்னல் இடுக்கையும் கூரையையும் அடைக்க வேண்டும், அல்லது அந்த அறைக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும்.