ஓடிட்: பாடம் கேட்டல்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற அக்காவின் மகள், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இணையவழிப் பாடத்தளம் ஒன்றில் வானியல் பாடநெறி ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாள். சேர்கிற பக்கத்தின் அடியில், கண்ணில் படாத அளவுக்குச் சின்ன எழுத்தில் இருந்த 'audit' என்ற சொல்லில் அவளுடைய விரல் நின்றது.

"மாமா, இதில ஓடிட் எண்டு கிடக்கு. நான் கொமர்ஸ் படிக்கேல்லையே, எனக்கு இது சரிவருமோ?"

அவள் கேட்டது நியாயம். கொழும்பில் ஓடிட் என்றால் கணக்கு வழக்குத்தான். நிதியாண்டு முடிந்தால் கந்தோர்களில் "ஓடிட் வருது" என்று கோப்புகளைத் தேடத் தொடங்குவார்கள். அரசாங்கப் பக்கத்தில் கணக்காய்வாளர் தலைமை அதிபதி இருக்கிறார். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இருக்கிறது. இந்தியத் தமிழ் அகராதியைப் புரட்டினால் 'தணிக்கை' என்று வரும். அது நமக்கு இன்னும் மோசம். இலங்கையில் தணிக்கை என்றதும் நினைவுக்கு வருவது செய்தித் தணிக்கை. 'பாடத்தைத் தணிக்கை செய்தாள்' என்று எழுதினால், அந்தப் பிள்ளை பாடத்தில் பாதியை வெட்டி எறிந்துவிட்டாள் என்றுதான் இங்கே வாசிப்பார்கள்.

பல்கலைக்கழக வழக்கில் ஓடிட் என்ற சொல்லின் பொருள் எளிது. ஒரு பாடத்தை அதன்மேல் உள்ள விருப்பத்துக்காக மட்டும் வகுப்பில் இருந்து கற்பது. விரிவுரைக்குப் போகலாம், வாசிக்கத் தருவதை வாசிக்கலாம். பரீட்சை இல்லை, தரப்புள்ளி இல்லை, பட்டத்துக்குரிய கிரெடிட்டும் சேராது. விரிவுரையாளரின் அனுமதி வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. சில பல்கலைக்கழகங்களில் மாணவரின் பெறுபேற்றுப் பத்திரத்தில் 'ஓடிட்' என்ற குறிப்பு மட்டும் ஏறும்.

கிரெடிட் என்ற சொல்லும் இங்கே குழப்பும். சாதாரண தரம் எழுதிய எல்லோருக்கும் அது 'சி', அதாவது திறமைச் சித்தி. பல்கலைக்கழகக் கிரெடிட் வேறு. அது உழைப்பின் அளவு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 50 மணி நேரக் கற்றல். முழுநேர மாணவருக்கு ஆண்டுக்கு 30 கிரெடிட். ஓடிட் செய்கிறவரும் அந்த மணித்தியாலங்களை மனதாரச் செலவழிக்கலாம். கணக்கில் மட்டும் ஏறாது.

இதை வெளிவாரிப் படிப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டும் நேர் எதிர். வெளிவாரி மாணவருக்குப் பரீட்சை உண்டு, வகுப்புக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஓடிட் மாணவருக்கு வகுப்பு உண்டு, பரீட்சை இல்லை. கொழும்புக்கு முதலாவது நன்றாகவே பழக்கம்: 1921இல் இங்கே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கு மாணவரைத் தயார்செய்த இடம். இரண்டாவதற்கு இந்த ஊரில் பெயரே பரவவில்லை. அது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழக்கு. 2012க்குப் பிறகு கோர்செரா, எடெக்ஸ் போன்ற இணையப் பாடத்தளங்கள் வழியாகத்தான் நம் பிள்ளைகளின் திரைக்கு வந்தது.

இனி வேர். லத்தீனில் 'ஔதீரே' என்றால் கேட்டல். ஓடியோ, ஓடிட்டோரியம், ஓடியன்ஸ் எல்லாம் அந்த ஒரே வேரின் பிள்ளைகள். கணக்கு எப்படி உள்ளே வந்தது? இடைக்கால இங்கிலாந்தில் பண்ணைக் கணக்கையும் அரசின் கணக்கையும் பொறுப்பாளர் வாய்விட்டு வாசிப்பார். அதிகாரி இருந்து கேட்டுப் பிழை பிடிப்பார். கேட்டவர் ஓடிட்டர். பின்னாளில் வாசிப்பு நின்றுபோயிற்று, பேரேடு மேசைக்கு வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. அதே வேரில் கற்பதற்காகக் கேட்கிறவர் என்ற பொருளும் பழமையானது. புனித அகஸ்தீன், கிறித்தவராகுமுன், இளமையில் மானி என்பவர் தொடங்கிய மதத்தில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் இருந்தபோது அவருடைய நிலை 'கேட்போர்' என்ற படிதான். லத்தீனில் அதற்கும் இதே சொல். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் இத்தகைய மாணவரை இன்றும் 'விருந்தாகக் கேட்பவர்' என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கின்றன.

ஆகவே ஒரு வேரில் இரண்டு கேட்டல்: கற்பதற்காகக் கேட்பது, சரிபார்ப்பதற்காகக் கேட்பது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் தமிழிலும் அப்படியே இருக்கிறது.

'பாடம் கேட்டல்' என்ற தொடரை எடுங்கள். 'வாத்தியாரிடம் பாடம் கேட்டேன்' என்றால் கற்றேன். 'வாத்தியார் என்னிடம் பாடம் கேட்டார்' என்றால் ஒப்புவிக்கச் சொல்லிப் பிழை பார்த்தார். வேற்றுமை உருபு ஓர் இடம் மாறியதும் மாணவரின் கேட்டல் கணக்காய்வாளரின் கேட்டலாகிவிடுகிறது. லத்தீனுக்கும் தமிழுக்கும் உறவு எதுவும் வேண்டியதில்லை. இரண்டு ஊரிலும் படிப்பு காதில் நடந்தது, அவ்வளவுதான்.

நம்மிடம் அது எவ்வளவு ஆழமாக நடந்தது என்பதற்கு நன்னூல் சாட்சி. பாடம் கொள்ளும் முறையைச் சொல்லும்போது பவணந்தியார் 'செவி வாயாக நெஞ்சு களனாக' என்கிறார். காதே வாய்; அதனால் பருக வேண்டும். திருக்குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்த அதிகாரம், 42ஆவது, கேள்வி. அதில் 'கற்றிலன் ஆயினும் கேட்க' என்று ஒரு குறள் தொடங்குகிறது. முறையாகப் படிக்காவிட்டாலும் கேள், தளரும்போது அது ஊன்றுகோல் என்கிறார் வள்ளுவர். ஓடிட் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான அனுமதிக் கடிதம் எனக்குத் தெரியாது.

1887ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஓர் ஆண்டில் நம் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தன. முன்னவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். பின்னவர் பல்கலைக்கழகத்தில் படித்தவரே அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தத் தகுதியோடு 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 'இன்னாரிடம் பாடம் கேட்டவர்' என்பதே அன்று ஒருவருடைய சான்றிதழாக இருந்தது.

ஆகவே வினைக்கு நான் தயங்காமல் 'பாடம் கேட்டல்' என்றே சொல்வேன். தேடி உருவாக்க வேண்டிய சொல் அல்ல. வீட்டில் இருக்கிற சொல்.

பெயர்ச்சொல்தான் கொஞ்சம் சிக்கல். 'கேள்வி மாணவர்' என்றால் அழகாக இருக்கும், ஆனால் இலங்கையில் கேள்விக்கு வேலை அதிகம். பரீட்சையில் அது வினா. பத்திரிகை விளம்பரத்தில் 'கேள்வி கோரல்' ஒப்பந்தத்துக்கு விலை கேட்பது. பொருளியல் புத்தகத்தில் 'கேள்வியும் நிரம்பலும்'. இவ்வளவு சுமக்கிற சொல்லின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றக்கூடாது. 'பார்வையாளர் மாணவர்' என்று எழுதியும் கண்டிருக்கிறேன். வகுப்பைப் பார்த்துவிட்டுப் போகிறவர்போல் தொனிக்கிறது.

என் மனம் ஒரு நாள் முழுக்க 'நேயர்' என்ற சொல்லிலேயே கிடந்தது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்களுக்குக் கேட்பவரின் பெயர் நேயர். நேயம் உள்ளவர், அன்பினால் கேட்பவர். சிங்கள வானொலியில் அதே ஆளுக்கு 'ஷ்ராவக' என்று பெயர். புத்தரிடம் அறம் கேட்ட சீடரைக் குறிக்கும் சொல் அது. சிலப்பதிகாரம் சமண இல்லறத்தாரைச் சொல்லும் 'சாவக நோன்பிகள்' என்ற தொடரில் இருப்பதும் அதே வடசொல்தான். விருப்பத்துக்காகப் படிக்கிறவருக்கு நேயரைவிட இனிய பெயர் கிடையாது. ஆனால் பல்கலைக்கழகப் படிவத்தில் 'பாட நேயர்' என்று அச்சிட்டால் வானொலி நிகழ்ச்சியின் வாசமே முன்னுக்கு வரும். மனமில்லாமல் விட்டேன்.

கடைசியில் நான் தேர்ந்தது 'கேட்பு மாணவர்'. குறுகியது, வேறு பொருளோடு மோதாது, படிவத்திலும் நிற்கும். பதிவைக் 'கேட்புப் பதிவு' எனலாம். நான் எழுதும்போது இப்படிப் பயன்படுத்துகிறேன்: 'இந்தத் தவணையில் தொல்லியலுக்குக் கேட்பு மாணவராகப் பதிந்திருக்கிறேன்.' 'கிரெடிட் வேண்டாம், பாடம் மட்டும் கேட்க அனுமதி தாருங்கள்.' கணக்குச் சார்ந்த இடத்தில் கணக்காய்வு அப்படியே இருக்கட்டும். அதில் மாற்ற எதுவும் இல்லை.

அன்று அக்காவின் மகளுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "காசும் இல்லை, சோதினையும் இல்லை, சும்மா இருந்து பாடம் கேக்கலாம் பிள்ளை" என்றேன். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தச் சின்ன எழுத்தை அழுத்தினாள்.